நிலத்தகராறில் அமைதிப்படை என்ன செய்யும், என்ன செய்யாது: சைப்ரஸை முன்வைத்து

கேள்வி இதுதான்: கிழக்கு மத்தியதரைக் கடலில் உள்ள சைப்ரஸ் தீவில் ஐ.நா. அமைதிப்படை 60 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது, பிரச்சினையோ இன்னும் தீர்ந்தபாடில்லை. அப்படியானால் நிலத்துக்காக நடக்கும் நீண்ட சண்டைகளில் இந்தப் படைகளால் பயன் உண்டா, இல்லை எல்லாம் வீண் செலவா?

பயன் உண்டு என்பதுதான் என் பதில். ஆனால் எந்த வேலைக்குப் பயன் என்று பிரித்துப் பார்க்காவிட்டால் வாதம் எங்கும் போய்ச் சேராது. சுட்டுக்கொள்வதை நிறுத்திவைக்கவும், நின்ற சண்டை மறுபடி மூளாமல் பார்த்துக்கொள்ளவும் இந்தப் படைகளால் முடியும். நிலம் யாருக்கு என்பதை அவற்றால் தீர்க்க முடியாது. தீர்க்கச் சொல்லி யாரும் அவற்றை அனுப்புவதும் இல்லை. அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் இழுத்தடிக்கும்போது, படை கொண்டுவந்த அமைதி நிலத்தைக் கையில் வைத்திருப்பவருக்கே சாதகமாகிவிடுகிறது. சைப்ரஸில் இது இரண்டும் நடந்திருக்கிறது. அதனால் அந்தத் தீவையே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

1960-இல் பிரிட்டனிடமிருந்து சைப்ரஸ் விடுதலை பெற்றபோது மக்களில் முக்கால் பங்குக்கு மேல் கிரேக்க மொழி பேசும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். சுமார் 18 சதவீதம் துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள். குடியரசுத் தலைவர் கிரேக்கர், துணைத் தலைவர் துருக்கியர், இருவருக்கும் ரத்து அதிகாரம் என்று அரசியல் சட்டம் எழுதினார்கள். பிரிட்டன், கிரீஸ், துருக்கி ஆகிய மூன்றும் அந்த ஏற்பாட்டைக் காக்கும் உத்தரவாத நாடுகள். கிரேக்கர் தரப்பில் பலருக்குக் கிரீஸோடு சேர்ந்துவிட வேண்டும் என்ற ஆசை. துருக்கியர் தரப்பில் பலருக்குத் தீவைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம். 1963 நவம்பரில் குடியரசுத் தலைவரான பேராயர் மக்காரியோஸ் அரசியல் சட்டத்தில் 13 திருத்தங்களை முன்வைத்தார். துருக்கியரின் பாதுகாப்புகளை அவை பறிக்கும் என்று அந்தத் தரப்பு எதிர்த்தது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தலைநகர் நிகோசியாவில் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. அந்த மாதம் 30-ஆம் தேதி பிரிட்டிஷ் மேஜர் ஜெனரல் பீட்டர் யங் நகர வரைபடத்தில் ஒரு பச்சைப் பென்சிலால் கோடு போட்டார். இன்றுவரை அதற்குப் பெயர் பச்சைக் கோடு.

1964 மார்ச் 4-ஆம் தேதி பாதுகாப்பு கவுன்சில் 186-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தைப் படித்துப் பார்த்தால் அதில் இரண்டு ஏற்பாடுகள் இருப்பது தெரியும். ஒன்று, சண்டை மறுபடி வராமல் தடுக்க ஒரு படை. இரண்டு, அரசியல் தீர்வு காண ஒரு சமரசத் தூதர். படை முதலில் மூன்று மாதத்துக்குத்தான். அதற்குள் தூதர் ஒரு வழி கண்டுபிடிப்பார் என்பது எதிர்பார்ப்பு. முதல் தூதரான பின்லாந்தின் சகாரி டுவோமியோயா அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். அடுத்து வந்தவர் ஈக்வடாரின் முன்னாள் குடியரசுத் தலைவர் காலோ பிளாசா. 1965 மார்ச்சில் அவர் கொடுத்த அறிக்கை தீவைப் பிரிப்பதை ஏற்கவில்லை. கிரீஸோடு இணையும் பேச்சையும் விட்டுவிடச் சொன்னது. துருக்கி அந்த அறிக்கையையும் தூதரையும் சேர்த்தே நிராகரித்தது. ஆண்டு முடிவதற்குள் அவர் விலகினார். தூதர் வேலை அத்தோடு நின்றுபோனது. படையின் காலம் மட்டும் நீட்டித்து, நீட்டித்து, இன்றும் நீள்கிறது. பின்னால் வந்த பொதுச்செயலாளர்கள் ஒவ்வொருவரும் பேச்சுவார்த்தைக்கு முயன்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு கால்களில் நடக்க வேண்டிய ஏற்பாடு இரண்டாம் ஆண்டிலேயே ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது. சைப்ரஸைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

முதல் பத்தாண்டில் படை என்ன செய்தது? 6,000-க்கு மேற்பட்ட வீரர்கள் வந்தார்கள். முதல் தளபதி இந்திய லெப்டினன்ட் ஜெனரல் பி. எஸ். கியானி, அவருக்குப் பின் இந்திய ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற ஜெனரல் கே. எஸ். திம்மையா. பதவியில் இருந்தபோதே, 1965 டிசம்பர் 18-இல் திம்மையா சைப்ரஸில் காலமானார். மறு ஆண்டு அந்நாடு அவருக்கு நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது. அப்போது இரு தரப்பையும் பிரிக்கும் நேர்கோடு எதுவும் கிடையாது. துருக்கிய சைப்ரியாட்டுகள், அதாவது தீவின் துருக்கியர்கள், எங்கும் சிதறிய சிறு சிறு வளையங்களுக்குள் அடைந்து கிடந்தார்கள். நிகோசியாவிலிருந்து கைரீனியா போகும் சாலையில் கிரேக்கர்களின் வண்டிகளைக் காவலோடு அழைத்துப் போவது, அறுவடைக்கு வயலுக்குப் போகிறவர் சுடப்படாமல் பார்த்துக்கொள்வது, புதிதாக அடுக்கிய மணல் மூட்டையை எடுக்கச் சொல்லி மணிக்கணக்கில் பேசுவது என்று வேலை போனது. செய்தித்தாளில் வராத வேலைகள். அவை இல்லாமல் போயிருந்தால் வந்திருக்கும் மரணங்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அமைதிப்படையை மதிப்பிடுவதில் உள்ள அடிப்படைச் சிரமம் இதுதான்: தோற்றது தெரியும், தடுத்தது தெரியாது.

தோற்றது 1974-இல் உலகத்துக்கே தெரிந்தது. ஜூலை 15-இல் கிரீஸின் ராணுவ ஆட்சியாளர்கள் தூண்டிவிட்ட ஆட்சிக் கவிழ்ப்பில் மக்காரியோஸ் துரத்தப்பட்டார். ஐந்து நாள் கழித்து, உத்தரவாத நாடு என்ற உரிமையைச் சொல்லிக்கொண்டு துருக்கிப் படை கைரீனியா கரையில் இறங்கியது. ஜெனீவாவில் பேச்சு நடந்தது, முறிந்தது. ஆகஸ்ட் 14-இல் இரண்டாம் கட்டத் தாக்குதல். அது ஓய்ந்தபோது தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துருக்கியின் கையில். 1,60,000-க்கு மேற்பட்ட கிரேக்கர்கள் தெற்கே ஓடினார்கள். பிறகு சுமார் 45,000 துருக்கியர்கள் வடக்கே போனார்கள். ஐ.நா. படை இதைத் தடுக்கவில்லை. தடுக்க அதற்கு ஆணையும் இல்லை, பீரங்கியும் இல்லை. இரு சமூகங்களுக்கு இடையே நிற்க அனுப்பப்பட்ட சில ஆயிரம் பேர், ஒரு நேட்டோ நாட்டின் படையெடுப்பை மறித்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. மறிக்கும் வலு உள்ளவர்கள் வாஷிங்டனிலும் லண்டனிலும் இருந்தார்கள். பிரிட்டன் உத்தரவாத நாடு மட்டுமல்ல. தீவிலேயே அதற்கு இரண்டு ராணுவத் தளங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

ஆனால் அந்த நாட்களிலேயே நடந்த ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நிகோசியா விமான நிலையத்துக்காக இரு படைகளும் மோதியபோது, அப்போதைய ஐ.நா. தளபதி, இந்தியாவின் மேஜர் ஜெனரல் பிரேம் சந்த், அந்த இடம் ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்துத் தன் வீரர்களை உள்ளே நிறுத்தினார். துருக்கி அதைப் பிடிக்கத் தயாரானது. நியூயார்க்கில் பொதுச்செயலாளர் வால்ட்ஹைம் துருக்கி அரசோடு பேசினார், பிரிட்டன் தன் துருப்புகளை ஐ.நா. கொடியின் கீழ் கொண்டுவந்து சேர்த்தது, துருக்கி நின்றது. அதே படை, அதே வாரம், அதே எதிரி. கைரீனியாவில் முடியாதது இங்கே முடிந்ததற்குக் காரணம், தரையில் நின்ற தளபதியின் துணிவுக்குப் பின்னால் வலுவுள்ள ஒரு நாடும் நியூயார்க்கும் நின்றதுதான். விமான நிலையம் இன்றும் மூடித்தான் கிடக்கிறது. ஓடுபாதை ஓரம் பழைய ட்ரைடென்ட் விமானம் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. படையின் தலைமையகமும் அந்த வளாகத்தில்தான்.

1974-க்குப் பின் படையின் வேலை மாறியது. இப்போது தெளிவான போர்நிறுத்தக் கோடுகள், நடுவே 180 கிலோமீட்டர் நீளத்துக்கு இடைப்பட்ட மண்டலம். சில இடங்களில் அதன் அகலம் 7 கிலோமீட்டருக்கு மேல்; நிகோசியாவின் பழைய தெருக்களில் மூன்றரை மீட்டர்கூடத் தேறாது. எதிரெதிர் மாடிகளில் இரு தரப்புச் சிப்பாய்களும் முகம் பார்க்கும் தூரத்தில் காவல் நின்ற தெருக்கள் அவை. ஒருவன் கல்லை எறிவான், இன்னொருவன் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டுவான், விஷயம் முற்றுவதற்குள் ஐ.நா. ரோந்துக்காரர் வந்து இரு பக்க அதிகாரிகளையும் அழைத்துப் பேசுவார். 1989-இல் நகருக்குள் மிக நெருக்கமான சில காவல் நிலைகளிலிருந்து இரு தரப்பும் ஆட்களை விலக்கிக்கொள்ள ஐ.நா. ஏற்பாடு செய்தது. சுடும் தூரத்திலிருந்து சிப்பாயை நகர்த்தினாலே பாதிச் சாவு குறைந்துவிடும் என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை அது. மீறல்கள் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் இன்றும் பதிவாகின்றன. 1996-இல் டெரினியாவில் நடந்த போராட்டத்தின்போது கிரேக்க சைப்ரியாட் இளைஞர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் கொல்லப்பட்டார்கள். அப்படியும் 1974 ஆகஸ்ட்டுக்குப் பின் அங்கே முழுப்போர் மூளவில்லை. ஐம்பது ஆண்டு. சுற்றியிருக்கும் கடற்பரப்பை நினைத்துப் பார்த்தால் இது சாதாரண விஷயமில்லை.

இது சைப்ரஸுக்கு மட்டும் நேர்ந்த அதிர்ஷ்டமும் இல்லை. அமைதிப்படைகள் பெரும்பாலும் மிகச் சிக்கலான சண்டைகளுக்குத்தான் அனுப்பப்படுகின்றன; அதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அவை இருக்கும் இடத்தில் போர் திரும்பும் வாய்ப்பு கணிசமாகக் குறைகிறது என்று அமெரிக்க அரசியல் ஆய்வாளர் வர்ஜீனியா பேஜ் ஃபோர்ட்னா காட்டியிருக்கிறார். இதே துறையில் மைக்கேல் கிரெய்க், பால் டீல் இருவரும் சொன்னது மறுபக்கம்: படை வந்து உட்கார்ந்துவிட்டால், தரப்புகள் பேசித் தீர்க்கும் அவசரம் குறைந்துவிடுகிறது. இரண்டும் முரண்படுவது போலத் தோன்றும். சைப்ரஸைப் பார்த்தவர்களுக்கு முரணே இல்லை.

அவசரம் குறைந்ததன் விலை என்ன என்று பாருங்கள். 1983 நவம்பர் 15-இல் வடக்கு தன்னைத் தனிக் குடியரசாக அறிவித்துக்கொண்டது. துருக்கி மட்டுமே அங்கீகரித்தது. பாதுகாப்பு கவுன்சில் அது செல்லாது என்று 541-ஆம் தீர்மானத்தில் சொன்னது. சொன்னதோடு சரி. துருக்கியிலிருந்து ஆட்கள் வந்து குடியேறினார்கள். அவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வேறு ஊர் தெரியாது. ஃபமகுஸ்தாவின் கடற்கரைப் பகுதியான வரோஷாவில் 1974-இல் மக்கள் ஓடிப்போனபின் ஹோட்டல்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். அந்த இடம் அதன் பழைய குடிகளுக்குத்தான் என்று 1984-இல் 550-ஆம் தீர்மானம் சொன்னது. 2020 அக்டோபரில் அதில் ஒரு பகுதியைத் துருக்கிய தரப்பு சுற்றிப் பார்க்கத் திறந்துவிட்டது. சொந்த வீட்டைக் காசில்லாப் பார்வையாளராக வந்து பார்த்துவிட்டுப் போகும் நிலை ஒரு மனிதருக்கு வருவதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

இதற்காகக் குற்றத்தை ஒரு பக்கம் மட்டும் சுமத்திவிடவும் முடியாது. 2004 ஏப்ரல் 24-இல், தீவை மறுபடி இணைக்க ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வகுத்த திட்டம் இரு பக்கமும் வாக்கெடுப்புக்கு வந்தது. துருக்கிய சைப்ரியாட்டுகளில் 65 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். கிரேக்க சைப்ரியாட்டுகளில் 76 சதவீதம் பேர் மறுத்தார்கள். ஒரு வாரத்தில், மே 1-ஆம் தேதி, சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினரானது. தீர்வு இல்லாமலேயே உறுப்பினர் இடம் உறுதி என்று ஐரோப்பா முன்கூட்டியே காட்டிக்கொண்டபின், தெற்குக்கு விட்டுக்கொடுக்க என்ன தூண்டுதல் இருக்கும்? 2017-இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவில் இன்னொரு முயற்சி கைகூடாமல் போனது. இந்தத் தோல்விகள் எதிலும் நீலத் தொப்பி அணிந்த ஐ.நா. வீரர்களுக்குப் பங்கில்லை.

நிலத்தகராறில் ஐ.நா. படை முழுமையாக வென்ற இடங்களும் உண்டு. சாட் நாட்டுக்கும் லிபியாவுக்கும் இடையே ஔசூ பட்டை என்ற பாலைவனத் துண்டுக்காக ஆண்டுக்கணக்கில் போர் நடந்தது. இரு நாடுகளும் வழக்கைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின. 1994 பிப்ரவரியில் நிலம் சாட்டுக்கே என்று தீர்ப்பு வந்தது. லிபியா வெளியேறுவதைப் பார்வையிட ஐ.நா. அனுப்பிய குழுவில் ராணுவப் பார்வையாளர்கள் 9 பேர், சர்வதேச சிவில் ஊழியர்கள் 6 பேர். மே மாதம் போனார்கள், ஜூனில் வேலை முடிந்தது. செர்பியர்கள் கையில் வைத்திருந்த, குரோஷியாவின் கிழக்கு ஸ்லவோனியாவிலும் அப்படியே. 1995 நவம்பரில் எர்டுட் ஒப்பந்தத்தில் அந்தப் பகுதி குரோஷியாவுக்குத் திரும்பும் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. சுமார் 5,000 வீரர்களோடு போன ஐ.நா. நிர்வாகம் ஆயுதங்களைக் களைந்து, தேர்தல் நடத்தி, 1998 ஜனவரியில் ஒப்படைத்துவிட்டு வந்தது. செர்பியர்கள் பலர் பிறகு வெளியேறினார்கள் என்பது வருத்தமான உண்மை. இருந்தும் போரில்லாமல் நிலம் கைமாறியது. இரண்டிலும் ‘யாருக்கு’ என்ற கேள்விக்கு விடை படை போகும் முன்பே கிடைத்திருந்தது.

விடை கிடைத்தும் ஒரு தரப்பு ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எத்தியோப்பியா-எரித்ரியா. 2000-இல் அவற்றின் எல்லைப் போர் நின்றது, 25 கிலோமீட்டர் அகலப் பாதுகாப்பு மண்டலத்தில் ஐ.நா. படை நின்றது. இந்திய வீரர்களும் அதில் இருந்தார்கள். 2002-இல் எல்லை ஆணையம் பட்மே ஊரை எரித்ரியாவுக்குக் கொடுத்தது. எத்தியோப்பியா தர மறுத்தது. தீர்ப்பை அமல்படுத்தாத உலகத்தின் மேல் இருந்த கோபத்தை எரித்ரியா ஐ.நா. படை மேல் காட்டியது: ஹெலிகாப்டர் பறக்கத் தடை, பின் எரிபொருளுக்குத் தடை. 2008-இல் படை கலைக்கப்பட்டது. மேற்கு சஹாராவில் கதை இன்னும் மோசம். 1991-இல் போனவர்கள் அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே பொதுவாக்கெடுப்பு நடத்துவதாகத்தான் திட்டம். யாருக்கு ஓட்டுரிமை என்பதிலேயே, அந்த நிலத்தைத் தனதென்னும் மொராக்கோவும் விடுதலை கேட்கும் பொலிசாரியோ இயக்கமும் மோதி, வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. மொராக்கோவின் 2,700 கிலோமீட்டர் மணல் சுவர் அப்படியே நிற்க, 2020 நவம்பரில் போர்நிறுத்தமும் உடைந்தது. 2025 அக்டோபரில் பாதுகாப்பு கவுன்சில், மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தையே பேச்சுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது. நிலத்தை வைத்திருந்தவர் காத்திருந்தார், காலம் அவர் பக்கம் போனது.

இன்னொன்று சம்மதம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் இந்தப் படைகள் நிற்க முடியும். 1956-இல் சினாயில் நிறுத்தப்பட்ட முதல் ஐ.நா. படையை இஸ்ரேல் தன் பக்கத்தில் அனுமதிக்கவே இல்லை. 1967 மே மாதம் எகிப்தின் நாசர் போகச் சொன்னார், பொதுச்செயலாளர் ஊ தாண்ட் ஒப்புக்கொண்டார், ஜூன் 5-இல் போர். விலகிக்கொண்டிருந்த இந்திய வீரர்களில் சிலரும் காசாவில் மாண்டார்கள்.

தமிழ் வாசகர்கள் அமைதிப்படை என்றதும் 1987-இல் இலங்கைக்குப் போன இந்தியப் படையை நினைப்பார்கள். அதனால் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அது ஐ.நா. படை இல்லை. இரு அரசுகளின் ஒப்பந்தத்தின் பேரில், பக்கத்திலேயே நலன் உள்ள ஒரு பெரிய நாடு அனுப்பிய படை. புலிகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் அல்லர். அக்டோபருக்குள் அந்தப் படை போரில் ஒரு தரப்பாகிவிட்டது. யாழ்ப்பாண மருத்துவமனையில் அந்த மாதம் நோயாளிகளும் ஊழியர்களும் கொல்லப்பட்டதை அந்த ஊர் மறக்காது. 1,100-க்கு மேற்பட்ட இந்திய வீரர்களும் திரும்பவில்லை. அந்த அனுபவத்தின் வலி உண்மை. ஆனால் அதை வைத்து, பக்கம் சாராமல் நடுவில் நிற்கும் சிறு படைகளை எடைபோட்டால் கணக்கு தவறும்.

அப்படியானால் சைப்ரஸில் படையைத் திரும்பப் பெற்றால் தரப்புகளுக்குச் சூடு தட்டி, பேச உட்காருவார்களா? சிலர் அப்படி வாதிடுகிறார்கள். கனடா 29 ஆண்டு நின்றுவிட்டு 1993-இல் தன் படையணியை விலக்கிக்கொண்டது, அதனால் யாரும் சமரசத்துக்கு ஓடிவரவில்லை. இன்று 800 பேர் அளவில்தான் வீரர்கள் இருக்கிறார்கள். செலவில் மூன்றில் ஒரு பங்கை சைப்ரஸ் அரசே ஏற்கிறது, கிரீஸும் ஆண்டுக்கு 65 லட்சம் டாலர் தருகிறது. ஒரு போரின் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

இந்த அமைதிக்குள் நடந்த சில நல்ல காரியங்களையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். எழுபதுகளின் இறுதியில் நிகோசியாவின் இரு பக்க மேயர்களான லெல்லோஸ் டெமெட்ரியாடிஸ், முஸ்தஃபா அகின்ஜி இருவரும் நகரத்துக்கு ஒரே சாக்கடைத் திட்டத்தை அமைத்தார்கள். கோட்டுக்கு மேலே நடக்கக்கூட முடியாத காலத்தில் கோட்டுக்குக் கீழே குழாய் போனது. மோதல்களில் காணாமல் போனவர்களைத் தேடும் குழுவின் ஆய்வகம் அந்தப் பழைய விமான நிலைய வளாகத்தில்தான் இருக்கிறது. இரு சமூகத்து இளம் விஞ்ஞானிகளும் ஒரே மேசையில் எலும்புகளை அடுக்கி அடையாளம் காண்கிறார்கள். பட்டியலில் இருந்த 2,002 பேரில் 1,000-க்கு மேற்பட்டோர் குடும்பங்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள். துப்பாக்கிகள் பேசிக்கொண்டிருந்தால் யார் தோண்டியிருப்பார்கள்?

படை இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு 2023 ஆகஸ்ட் 18 ஒரு சின்ன அடையாளம். இடைப்பட்ட மண்டலத்துக்குள் இரு சமூகமும் சேர்ந்து வாழும் பைலா கிராமத்துக்கு, துருக்கிய தரப்பு அனுமதியில்லாமல் சாலை போட வந்தது. ஐ.நா. வீரர்கள் குறுக்கே நின்றார்கள். அவர்களுடைய வண்டிகளைக் கனரக வண்டிகள் தள்ளி அகற்றின, கைகலப்பில் மூன்று பேர் காயமடைந்தார்கள். ஒருவரும் சுடவில்லை. பாதுகாப்பு கவுன்சில் கண்டித்தது, அக்டோபரில் ஒரு புரிந்துணர்வு எட்டப்பட்டது. அந்தக் காலையில் குறுக்கே நின்றவர்கள் சைப்ரஸின் தேசியக் காவல்படையினராக இருந்திருந்தால், எதிரே துருக்கிச் சிப்பாய் வந்திருப்பான். அதனால் படை இருக்கட்டும் என்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் பாதுகாப்பு கவுன்சில் அதன் காலத்தை நீட்டிக்கும்போது, 1965-இல் அறுந்துபோன இன்னொரு பாதியைப் பற்றி, அதாவது சமரசத் தூதருக்கு என்ன அதிகாரம், எந்தத் தேதிக்குள் என்ன முன்னேற்றம், உத்தரவாத நாடுகள் மூன்றும் என்ன செய்தன என்பதைப் பற்றி, அதே தீர்மானத்தில் எழுத வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.